மாசித் தண்ணி

கையில் அள்ளிய அரிசியை விக்னராஜா உடனே போடவில்லை. பெருவிரலால் தடவிப் பார்த்தான். நொய் அதிகம். தவிடு விரலில் ஒட்டியது.

“போடும் தம்பி,” என்றார் பின்னால் நின்ற நாகேஸ்வரி, அவன் மனைவி சிவமணியின் அக்கா. “ஆக்கள் நிக்கினம்.”

போட்டான். சிவமணியின் உதடுகளில் கொஞ்சம் ஒட்டியது. மிச்சம் கன்னத்தில் சரிந்து சேலைக் கரையில் விழுந்தது. பிரேத அலங்காரம் செய்தவர்கள் அவளுக்கு உதட்டுச் சாயம் பூசியிருந்தார்கள். உயிரோடு இருந்தபோது அவள் பூசியதில்லை. அழகாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல வேண்டும் போல் இருந்தது. யாரிடம் என்று தெரியவில்லை.

ரூக்வுட் மயானத்தின் சிறிய மண்டபத்தில் இருபது பேரளவில் நின்றார்கள். சிட்னியில் அவர்களுக்குத் தெரிந்த தமிழர்கள் அவ்வளவுதான். எழுபத்தாறாம் ஆண்டு ஜூன் மாதம். மண்டபத்துக்குள்ளும் யாரும் மேலங்கியைக் கழற்றவில்லை. கறுப்புக் கோட்டுப் போட்ட ஊழியர் கம்பளத்தில் சிந்திய அரிசியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வரிசையில் கடைசியாக மொரிட்டா வந்தார். விக்னராஜா வேலை செய்யும் ஜப்பானிய உணவகத்தின் தலைமைச் சமையற்காரர். பதினாறு வயதில் கியோத்தோவில் கத்தி பிடித்தவர். கம்பளியும் நிலக்கரியும் வாங்க வரும் ஜப்பானியக் கம்பனிக்காரர்கள் அவர் மீன் வெட்டும் மேடைக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிடுவதற்காகப் பயணத் திகதியையே மாற்றுவார்கள். வாய்க்கரிசியைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. முன்னால் போனவர்களைக் கவனித்தபடி நின்றார். தன் முறை வந்ததும் மூன்று விரல்களால் கொஞ்சம் எடுத்தார், மீனுக்கு உப்பு எடுப்பதுபோல. குனிந்து வைத்தார். ஓர் அரிசிகூடக் கீழே விழவில்லை.

கொள்ளி வைப்பதற்குப் பதிலாக ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். விக்னராஜா அழுத்தினான். லிஃப்ட் பொத்தான் போல இருந்தது. திரை மூடிக்கொண்டது.

ஸ்ட்ராத்ஃபீல்டில் நாகேஸ்வரியின் வீட்டு வாசலில் ஒரு வாளி மஞ்சள் தண்ணீர் இருந்தது. எல்லோரும் கால் கழுவிவிட்டு உள்ளே போனார்கள். மொரிட்டா மட்டும் படியில் நின்று கோட்டுப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். உப்பு. தன் நெஞ்சிலும் முதுகிலும் கால்களிலும் தூவிக்கொண்டார். பிறகு சப்பாத்தைக் கழற்றி, காலுறையையும் கழற்றி, மஞ்சள் தண்ணீரிலும் கால் கழுவினார்.

நாகேஸ்வரியின் கணவர் அரியரத்தினம் கதவருகே நின்று இதைப் பார்த்தார்.

“என்னப்பா, உவையளுக்கும் சாவுத் துடக்கு இருக்கோ?”

“இருக்கும் போல,” என்றான் விக்னராஜா.

“அப்ப எங்கட ஆக்கள்தான்.”

சாவு நடந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு மூட்டுவதில்லை. மொரிட்டாவுக்கு அது தெரிந்திருந்ததோ இல்லையோ, மூன்று மரப்பெட்டிகள் நிறையச் சாப்பாடு கொண்டு வந்திருந்தார். மீன் இல்லை என்று கையை அசைத்துச் சொன்னார். எங்கள் ஊரிலும் இந்த நாட்களில் இல்லை என்றார். வெள்ளரிக்காயும் ஊறுகாயும் வைத்துச் சுருட்டிய சோறு, அவித்த கீரை, ஒவ்வொரு பெட்டியின் மூலையிலும் நெல்லிக்காய் அளவில் பச்சையாக ஓர் உருண்டை.

அரியரத்தினம் அந்த உருண்டையை விரலால் தொட்டார். “மல்லிச் சம்பல்,” என்றார். முழுதாக வாயில் போட்டார்.

விக்னராஜா அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அது வசாபி, மூக்கில் ஏறும் காரம் என்று சொல்ல நினைத்தபோது காரியம் முடிந்திருந்தது.

அரியரத்தினத்தின் முகம் சிவந்தது. மூக்கைப் பிடித்தார். எழும்பினார். கதிரை பின்னால் விழுந்தது. “ஐயோ, மூளை! மூளைக்கு ஏறுது!” என்று குசினிக்கு ஓடினார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. மொரிட்டா பதறிப்போய் எழுந்து குனிந்து மன்னிப்புக் கேட்டார். யாரிடம் கேட்கிறார் என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக் குனிந்தார்.

நாகேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார். “அம்பத்திரண்டு வயசு. எதைக் கண்டாலும் வாயில போடுறது. மணி நிண்டிருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாள்,” என்றார். அப்படியே அழத் தொடங்கினார். பக்கத்தில் இருந்த பெண்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

விக்னராஜா தன் பெட்டியைச் சாப்பிட்டு முடித்தான். சோறு, கீரை, கடைசியில் அந்தப் பச்சை உருண்டை. மூக்குக்குள் எங்கோ தூரத்தில் ஏதோ நடந்தது. கண் கலங்கவில்லை. நிமிர்ந்தபோது மொரிட்டா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு இருவரும் பின்புறத்துப் படியில் இருந்தார்கள். புல்வெளியில் துணிக்கொடி காற்றில் மெல்லச் சுற்றியது. மொரிட்டாவின் ஆங்கிலத்தில் சொற்கள் குறைவு. இரண்டு வருடங்களாகக் கேட்டுக் கேட்டு விக்னராஜாவுக்கு அது போதுமாக இருந்தது.

“எப்போதிலிருந்து ருசி இல்லை?”

“ஆஸ்பத்திரியில். ஒரு சான்ட்விச் தந்தார்கள். வாயில் ஒன்றுமே இல்லை.”

“சோறு?”

“சூடு தெரிகிறது. அவ்வளவுதான்.”

மொரிட்டா தலையை ஆட்டினார். சிவமணிக்கு ரயில் நிலையத்தில் தலைக்குள் இரத்தக் குழாய் வெடித்ததும், நினைவு திரும்பாமலே அவள் போனதும் அவருக்குத் தெரியும்.

“காலையில் சாறு காய்ச்சுவது உன் வேலை,” என்றார். “நாக்கு இல்லாமல் முடியாது.”

“தெரியும்.”

“இப்போது நான் செய்கிறேன். மேடையும் நான். சாறும் நான். நீண்ட நாள் முடியாது. ஒசாக்காவில் ஓர் ஆள் இருக்கிறான். கூப்பிட்டால் வருவான். வந்தால் அந்த அடுப்பு அவனுடையது.” கொஞ்ச நேரம் துணிக்கொடியைப் பார்த்தார். “அடுத்த திங்கட்கிழமை வரை தந்தி அடிக்க மாட்டேன்.”

விக்னராஜா நன்றி சொன்னான். அதுவும் வாயில் ஒன்றுமில்லாமல்தான் வந்தது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவன் அவன். சிட்னிக்கு வந்து ஆய்வுகூடங்களின் வாசலெல்லாம் ஏறி இறங்கிய பிறகு, பாத்திரம் கழுவ ஆள் தேவை என்ற அறிவிப்பைப் பார்த்து அந்த உணவகத்தின் பின்கதவைத் தட்டினான். ஒரு நாள் மொரிட்டா மரக்கட்டை போன்ற ஒன்றைச் சீவிக்கொண்டிருந்தார். மெல்லிய சீவல்கள் சுருண்டு விழுந்தன. விக்னராஜா கழுவுவதை நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சினான். மாசி. வீட்டில் சம்பலுக்கு இடிக்கும் மாசிக் கருவாடு. அதைச் சொன்னான். மொரிட்டா சீவுவதை நிறுத்தி அவன் முகத்தை முதல் தடவையாகப் பார்த்தார். மறுவாரம் முதல் காலையில் சாறு எடுப்பது அவன் வேலையாயிற்று. காய்ந்த கடற்பாசிப் பட்டையைக் குளிர்ந்த நீரில் போட்டு மெல்லச் சூடாக்கி, கொதிக்கும் முன் எடுத்துவிட வேண்டும். பிறகு மாசிச் சீவல். அது அடியில் தாழும்போது வடிக்க வேண்டும். அந்த உணவகத்தின் எல்லாச் சாப்பாட்டுக்கும் அதுதான் அடி. செப்டம்பரில் மேடைக்குக் கூப்பிடுகிறேன் என்று மொரிட்டா சொல்லியிருந்தார்.

சிவமணி அதற்கு வைத்த பெயர் மாசித் தண்ணி. “பட்டதாரி மாசித் தண்ணி காச்சுறார்,” என்று ஊருக்குக் கடிதம் எழுதினாள். உணவகம் பூட்டியிருக்கும் திங்கட்கிழமைகளில் அவன் வீட்டிலும் காய்ச்சுவான். பெரிய கோப்பையில் தேநீர் போல ஊற்றி, கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு குடிப்பாள். மொரிட்டா கண்டால் மயங்கி விழுவார் என்று அவன் சொல்வான். “அவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவருக்கும் ஒரு கோப்பை தாறன்,” என்பாள்.

அந்த வாரம் நாகேஸ்வரியின் வீட்டில் கழிந்தது. விக்னராஜா யாரும் இல்லாத நேரத்தில் குசினிக்குள் போய் உப்பை நாக்கில் வைத்துப் பார்த்தான். புளியை வைத்துப் பார்த்தான். மிளகாய்த்தூள் சுட்டது. சுட்டது மட்டும்தான்.

“பெயின்ற் கொம்பனி ஒண்டில கெமிஸ்ட் எடுக்கிறாங்களாம்,” என்றார் அரியரத்தினம் ஒரு காலை. “இனியாவது படிச்ச படிப்புக்கு ஒரு வேலையைப் பாருமன். பெயின்றை நாக்கில வைச்சுப் பாக்கத் தேவையில்லை.”

அவர் பகிடியாகத்தான் சொன்னார். அவருக்கு விஷயம் தெரியாது. வீட்டில் யாருக்கும் தெரியாது. விக்னராஜா பார்க்கிறேன் என்றான். அந்த வேலையில் தான் நிற்பதை நினைத்துப் பார்த்தான். வெள்ளைக் கோட்டு, கண்ணாடிக் குழாய்கள். கஷ்டமாக இல்லை. அது அவனைப் பயப்படுத்தியது.

எட்டாம் நாள் திங்கட்கிழமை வந்தது. எட்டுப் படையலில் செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் வைக்க வேண்டும். அன்றுதான் வீட்டில் மீண்டும் மீன், நண்டு என்று மச்சம் சமைப்பார்கள். பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவரிடம் ஒரு வாழை நின்றது. அரியரத்தினம் வேலியால் எட்டி ஓர் இலை வாங்கி வந்தார். நாகேஸ்வரி விரல்களை மடக்கினார்.

“நண்டுக் கறி. பொரிச்ச மீன். கத்தரிக்காய். உழுந்து வடை. வேறென்ன தம்பி? அவளுக்கு வேறென்ன விருப்பம்?”

“மாசித் தண்ணி.”

நாகேஸ்வரி திரும்பிப் பார்த்தார். “அது ஆர் வைக்கிறது?”

“நான்.”

“கொள்ளி வைச்ச ஆள் சமைக்கிறதோ? ஊரில கேட்டாச் சிரிப்பினம்.”

“ஊரில ஆருக்கு அக்கா மாசித் தண்ணி வைக்கத் தெரியும்?”

நாகேஸ்வரி நண்டை ஒரு பக்கமாக நகர்த்தி அடுப்பில் இடம் விட்டார்.

பத்து மணியளவில் மொரிட்டா வந்தார். ஒரு கையில் ஈரத் துணியில் சுற்றிய ஸ்னாப்பர் மீன். மறு கையில் கடற்பாசியும் சீவலும் ஒரு சிறிய போத்தல் சோயாவும். தந்தியைப் பற்றிப் பேசவில்லை. குசினிக் கதவோரம் நின்று, உள்ளே வரலாமா என்று நாகேஸ்வரியிடம் கேட்டார். அந்தப் பெரிய மனிதர் தன் குசினிக்கு அனுமதி கேட்டது நாகேஸ்வரிக்குப் பிடித்துவிட்டது. “கம், கம்,” என்று ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார்.

விக்னராஜா சாறு எடுத்தான். கை எல்லாவற்றையும் தானாகச் செய்தது. பட்டையின் ஓரத்தில் சிறு குமிழிகள் கட்டியபோது எடுத்தான். சீவல் போட்டான். தாழ்ந்ததும் துணியில் வடித்தான். பொன்னிறத்தில் தெளிவாக இறங்கியது. ஆவி முகத்தில் அடித்தது. அது வெறும் ஆவி.

மீனை அவித்துச் சாற்றில் போட்டான். இனி உப்பு. வழக்கமாக இந்த இடத்தில் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைப்பான். வைத்து என்ன பயன் என்று நின்றான். அவன் நிற்பதைப் பார்த்த மொரிட்டா எழுந்து ஒரு கரண்டியை எடுத்துச் சட்டிக்குள் விடப் போனார்.

“ஐயோ! நோ, நோ!” என்று கத்தினார் நாகேஸ்வரி.

மொரிட்டா சுட்டதுபோலக் கையை இழுத்தார்.

“ருசி பாக்கப்படாது எண்டு சொல்லும் தம்பி. எச்சில். முதல் வாய் அவளுக்கு.”

விக்னராஜா ஆங்கிலத்தில் சொன்னான். மொரிட்டா கேட்டார். நண்டுக் கறியைப் பார்த்தார், கத்தரிக்காயைப் பார்த்தார்.

“இதெல்லாம்? ஒன்றும் ருசி பார்க்கவில்லை?”

“இல்லை.”

“உப்பு எப்படித் தெரியும்?”

நாகேஸ்வரிக்குக் கேள்வி விளங்கிவிட்டது. கையை விரித்துக் காட்டினார். மொரிட்டா அந்தக் கையைக் கவனமாகப் பார்த்தார். பிறகு கரண்டியைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு முக்காலியில் போய் இருந்தார். வாழ்நாள் முழுவதும் ருசி பார்க்காமல் ஒரு சட்டியும் அவர் அடுப்பிலிருந்து இறங்கியதில்லை. முழங்கால்களில் வைத்த விரல்கள் நிலைகொள்ளவில்லை.

விக்னராஜா உப்பை மூன்று விரல்களால் எடுத்தான். போட்டான். அடுப்பைக் குறைத்துவிட்டு, படத்துக்கு விளக்கு ஏற்றுவதற்காக உள்ளே போனான்.

படம் திருமணத்துக்கு முந்தியது. அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெரிதாக்கியது. சிரிக்கக் கூடாது என்று சொல்லி எடுத்திருப்பார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு இருந்தாள். அதன் முன்னால் இலை போட்டு எல்லாவற்றையும் வைத்தார்கள். நடுவில் மாசித் தண்ணிக் கோப்பை. அரியரத்தினம் தேவாரத்தில் இரண்டு அடி பாடினார். மூன்றாவதைத் தொடங்கி நிறுத்திவிட்டார். எல்லோரும் வெளியே வந்ததும் நாகேஸ்வரி கதவைச் சாத்தினார். செத்தவள் வந்து ஆறுதலாகச் சாப்பிட வேண்டும். யாரும் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது.

கூடத்தில் நால்வரும் காத்திருந்தார்கள். அரியரத்தினம் கதிரையில். நாகேஸ்வரி நிலத்தில். மொரிட்டாவும் நிலத்தில், முழங்காலை மடித்து. தெருவில் யாரோ ஒருவன் கார் ஸ்டார்ட் பண்ணப் பலமுறை முயன்று விட்டுவிட்டான்.

பிறகு சாப்பிட இருந்தார்கள். மொரிட்டா கேட்டதால் முதலில் சூப். நாலு கோப்பைகளில் ஊற்றினார்கள்.

நாகேஸ்வரி ஒரு வாய் குடித்தார். கோப்பைக்குள் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார். அரியரத்தினம் குடித்துவிட்டுத் தண்ணீர்ச் செம்பைத் தேடினார். மொரிட்டா இரண்டு கைகளாலும் கோப்பையைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சொட்டும் விடாமல் குடித்து முடித்தார். கோப்பையை மெதுவாக வைத்தார். நெற்றியில் ஒரு நரம்பு தெரிந்தது.

“நல்லாயிருக்கு தம்பி,” என்றார் நாகேஸ்வரி.

விக்னராஜா தன் கோப்பையை எடுத்தான். சூடு. வழக்கம்போலச் சூடு மட்டும். விழுங்கினான். அடுத்த வாய். நாக்கின் இரண்டு ஓரங்களும் சுருங்கின. அவன் அசையாமல் இருந்தான். மூன்றாவது வாயை விழுங்காமல் வைத்திருந்தான்.

“உப்பு,” என்றான்.

மூவரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“உப்புக் கூட. நல்லாக் கூட. நான் இவ்வளவு போடேல்லை.”

நாகேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டார். “நான்தான் தம்பி! நீர் பேயறைஞ்ச மாதிரி நிண்டீர். மறந்துபோனீர் எண்டு நினைச்சு நானும் ஒரு கை போட்டனான்.”

மொரிட்டாவுக்குத் தமிழ் தெரியாது. சட்டியைக் காட்டிய கையும், தலையில் அடித்த கையும் அவருக்குப் போதுமாக இருந்தன. அவர் பள்ளிப் பிள்ளை போல ஒரு விரலை உயர்த்தினார்.

“சோயா,” என்றார். “நானும். கொஞ்சம்.” யோசித்துத் திருத்தினார். “கொஞ்சம் இல்லை.”

அரியரத்தினம் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். “மூண்டு பேரும் போட்டனீங்களோ? ஐயோ பாவம் மணி! முதல்ல குடிச்சது அவளல்லோ!”

நாகேஸ்வரிதான் முதலில் சிரித்தார். இந்தத் தடவை வாயைப் பொத்தவில்லை. அரியரத்தினம் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். எதற்கென்று முழுதாக விளங்காமல் மொரிட்டாவும் தோள் குலுங்கச் சிரித்தார். விக்னராஜாவின் மூக்கால் நீர் வடிந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு எழுந்து குசினிக்குப் போனான்.

சட்டியை மறுபடி அடுப்பில் ஏற்றினான். கேத்தலில் இருந்த வெந்நீரில் ஓர் அகப்பை விட்டான். கரண்டியால் எடுத்து வாயில் வைத்தான். இன்னும் கரித்தது. மற்றோர் அகப்பை. கரிப்புக்குக் கீழே மீன் மெல்லத் தெரிந்தது. அதற்கும் கீழே, கலங்கலாக, கடற்பாசி. அவசரப்படவில்லை. அரை அகப்பை விட்டான். பார்த்தான். கால் அகப்பை.

மொரிட்டா கதவடியில் வந்து நின்றார். கிட்ட வரவில்லை. கரண்டியும் கேட்கவில்லை. அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். விக்னராஜா அடுப்பை நிறுத்தியதும் சொன்னார்:

“நாளைக்குக் காலையில் வா.”

“ஓம்,” என்றான் விக்னராஜா. தமிழில் சொல்லிவிட்டதை அவன் கவனிக்கவில்லை. மொரிட்டா தலையசைத்தார்.

ஒரு புதுக் கோப்பையைக் கழுவித் துடைத்து நிறைய ஊற்றினான். தளும்பாமல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு கூடத்தைக் கடந்தான். எங்கே போகிறான் என்பது நாகேஸ்வரிக்கு விளங்கியது. “தம்பி, அது ருசி பாத்ததல்லோ...” என்று தொடங்கினார். பிறகு எழுந்து போய், அவனுடைய இரண்டு கைகளிலும் கோப்பை இருந்ததால், கதவைத் திறந்துவிட்டார்.

அவன் பழைய கோப்பையை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தான். வெளியே வந்து கதவைச் சாத்தினான்.

தட்டுகளில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. யாரும் தொடவில்லை. நாலு பேரும் மறுபடி கூடத்தில் அவரவர் இடத்தில் இருந்தார்கள். காத்திருந்தார்கள்.